கொடுத்தவரின் தேவை

2024 ஜனவரியில் குடியரசு நாளை ஒட்டி வெளியான பத்ம விருதுப் பட்டியலில் தைவான் நாட்டவர் ஒருவரின் பெயர் இருந்தது. ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியு. ‘வணிகம், தொழில்’ பிரிவில் அவருக்குப் பத்மபூஷண். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மக்களுக்கு ஃபாக்ஸ்கான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் இளம்பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்களை நெடுஞ்சாலையில் எவரும் பார்க்கலாம். இந்த விருது தகுதியானவருக்குத்தான் போனதா என்று வாதிடுவது வீண்வேலை. பெரிய கம்பெனியைத் திறம்பட நடத்துகிறவர், அவ்வளவுதான். அதைவிடச் சுவையான கேள்வி, இந்திய அரசு ஏன் 2024-இல், ஏன் இந்தத் தொழிலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது என்பது. மின்னணுப் பொருள் உற்பத்தி இந்தியாவுக்கு வர வேண்டும் என்று அரசு விரும்பிய காலம் அது. போர்க்களத்துக்கு வெளியே செய்த பணிக்காக ஆள்பவர் தரும் விருது எதுவானாலும், பெற்றவரின் தகுதியை அது சொல்வது கொஞ்சம். கொடுத்தவருக்கு அப்போது யார் தேவைப்பட்டார்கள் என்பதைச் சொல்வதே அதிகம். மன்னர்கள் தந்த பட்டங்களையும் பதக்கங்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அவற்றின் வரலாறும் விளங்கும், அவற்றைச் சேகரிப்பதற்கும் ஒரு பொருள் இருக்கும்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் இது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் ஒன்று வெள்ளறை நிகமத்துக் காவிதியைக் குறிப்பிடுகிறது. நிகமம் என்பது வணிகர் குழு. காவிதி என்பது அரசன் தரும் பட்டம். கல்வெட்டின் காலம் கிறிஸ்துவுக்கு முன் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் அதற்கு அடையாளமாக மோதிரமும், வணிகனுக்கு எட்டிப் பட்டமும் பொன்னால் செய்த எட்டிப்பூவும் கிடைத்தன என்பதை உரையாசிரியர்கள் வழி அறிகிறோம். சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் எட்டிப் பட்டம் பெற்ற வணிகர்கள் வருகிறார்கள். மோதிரம், பூ என்று உடலில் அணியும் அடையாளம், அதோடு பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்: இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஐரோப்பியப் பதக்கங்களின் இலக்கணம் முழுவதும் அப்போதே இங்கே இருந்தது. கடல் வணிகத்தில் சுங்கம் ஈட்டிய அரசர்கள் படைவீரனோடு நிறுத்திக்கொள்ளாமல் வணிகனுக்கும் பொற்பூ கொடுத்தார்கள் என்பதில் வியப்பு ஒன்றுமில்லை.

பத்து நூற்றாண்டுக்கு மேல் தள்ளி வந்தால் தஞ்சைப் பெரியகோயில். கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கல்வெட்டில் குறிக்கப்படுகிறார். இராசராசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். தச்சரோடு அது நிற்கவில்லை. இராசராசப் பெருநாவிதன் என்று நாவிதர் ஒருவரும் அதே கோயில் கல்வெட்டில் இருக்கிறார். கைத்தொழில் செய்பவருக்கு அரசன் தன் பெயரைத் தந்து அதைக் கல்லிலும் வெட்டிவைத்தது, பிற்காலப் பட்டப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் அரிய செயல். சோழனின் பெருந்தன்மை என்று இதைப் பாடுவது எளிது. அவ்வளவு உயரத்துக்குக் கல்லை ஏற்றிக் கட்டிமுடிக்க வேண்டிய அரசனுக்குத் தச்சன் எவ்வளவு தேவைப்பட்டான் என்று கேட்பது இன்னும் பயன் தரும். மரியாதைக்கு உள்ள மதிப்பு கோயில்களிலும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலேயே, இராமானுசர் பிறந்த தலத்துக் கோயிலில், பரிவட்டம் கட்டித் தீர்த்தம் தருவதில் யாருக்கு முதலிடம் என்ற வரிசை உண்டு. தென்னாட்டுக் கோயில் பலவற்றில் இந்த வரிசைக்காக வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. பரிவட்டத் துணிக்குக் கடையில் என்ன விலை என்று அந்த வழக்குகளில் யாரும் கேட்டதில்லை.

ஆங்கில அரசு இந்த மனநிலையை நன்றாகவே புரிந்துகொண்டது. தென்னிந்திய இந்துக்களுக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஏறும் படிகள். முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். முகலாயர் காலத்துச் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு, புத்தாண்டு நாளிலும் மன்னரின் பிறந்த நாளிலும் பட்டியல் வெளியிட்டார்கள். 1911-இல் இந்தப் பட்டங்களுக்கென்று தனிப் பதக்கமே வந்தது. ஐந்து முனை நட்சத்திரம், உச்சியில் மகுடம், நடுவில் மன்னரின் தலை, அதைச் சுற்றிய வளையத்தில் பட்டத்தின் பெயர். திவான் பகதூருக்கு வெளிர்நீல நாடா, கரையில் கருநீலம். அடுத்த படிக்குச் சிவப்பு. மூன்றாம் படிக்குக் கருநீல நாடா, வெளிர்நீலக் கரை. பதக்கத்தின் பின்புறம் பெற்றவர் பெயர் பொறிக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் இதைத் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். பெற்றவர்கள் யார் என்று பார்த்தால் நிலக்கிழார், நகராட்சித் தலைவர், டெபுடி கலெக்டர், வக்கீல், பொறியாளர், போர்க்கடனுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர். முப்பது கோடிப் பேரைச் சில ஆயிரம் வெள்ளையரைக் கொண்டு ஆள்வதென்றால், ஊருக்கு ஊர் சொல்பேச்சு செல்லும் ஒரு கை வேண்டும். சம்பளம் இல்லாமல் அந்தக் கையைப் பெறும் வழி இது. செலவு ஒரு வெள்ளி வில்லையும் ஒரு முழ நாடாவும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். உண்மையான தொண்டுக்கும் விருது கிடைத்ததே? 1900-இல் விக்டோரியா அரசி நிறுவிய கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் இந்தியாவில் பொதுத்தொண்டு செய்தவர்களுக்கென்றே ஏற்பட்டது. இனம், தொழில், ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை என்பது விதி. நீள்வட்ட வடிவம், அரச முத்திரையைச் சுற்றிப் பூவேலை, நீலமும் பச்சையும் கலந்த நாடா. வேலூரில் மருத்துவமனை எழுப்பிய ஐடா ஸ்கடருக்கு அது கிடைத்தது. இளம் விதவைகளுக்குப் படிப்பும் வீடும் தந்த சகோதரி சுப்புலட்சுமிக்கு 1920-இல் தங்கப் பதக்கமாகக் கிடைத்தது. அதே சுப்புலட்சுமிக்குச் சுதந்திர இந்தியா 1958-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேலுக்கு 1919-இல் பதக்கம் அறிவித்தபோது, அதை மறுக்க முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். சென்னையில் நடந்த வழங்கும் விழாவுக்கும் போகவில்லை. இவர்களின் தொண்டு பதக்கத்தால் பிறந்ததல்ல, பதக்கம் வராவிட்டாலும் நின்றிருக்காது. தகுதி அவர்களுடையது, ஐயமில்லை. ஆனால் தகுதியானவர் நூறு பேர் இருக்க, அதில் எந்தப் பத்துப் பேரைப் பட்டியலில் சேர்ப்பது என்பது அரசின் முடிவு. பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்தப் போதிய பணம் ஒதுக்காத அரசுக்கு, அந்தப் பாரத்தைத் தாங்குபவர்களைப் பாராட்டுவது அவசியமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

விருது யாருடைய தேவைக்கானது என்பதை அன்றைய மக்கள் அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு வலுவான ஆயுதமாயிற்று. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் இந்தியாவின் தன்னாட்சிக்காக 1917-இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக அதிகாரத்தில் இருந்தவர்கள் கண்டித்தபோது ‘சர்’ பட்டத்தையும் திவான் பகதூரையும் உதறினார். ஜாலியன்வாலா படுகொலைக்குப் பிறகு 1919-இல் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். 1920 ஆகஸ்ட் 1 அன்று காந்தி கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தோடு போயர் போர், சூலு போர் பதக்கங்களையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். சகோதரி சுப்புலட்சுமிக்கு அந்தப் பதக்கம் கிடைத்ததும் இதே ஆண்டில்தான். ஒத்துழையாமைத் திட்டத்தில் பட்டங்களைத் துறப்பது ஓர் அம்சம். தமிழ்நாட்டு அரசியலின் எதிர்முனையிலும் இதுவே நடந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சர்களும் ராவ் பகதூர்களும் நிறைந்திருந்த நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாக மாறியபோது, ஆங்கில அரசு தந்த பட்டங்களைக் கைவிட வேண்டும் என்பது அண்ணாதுரை தீர்மானத்தின் முக்கியமான பகுதி. பெரியாரோடு நிற்பதா, பட்டத்தோடு நிற்பதா என்ற சோதனையாக அது அமைந்தது. பழைய தலைவர்கள் சிலர் ஒதுங்கிப்போனார்கள்.

அப்படியானால் பட்டம் வாங்கியவர் எல்லாரும் அடிவருடிகள் என்று முடித்துவிடலாமா? இரட்டைமலை சீனிவாசன் அந்த முடிவுக்குக் குறுக்கே நிற்கிறார். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர், 1893-இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் என்று மூன்று படியும் ஏறினார். இரண்டாம் பட்டம் வந்த ஆண்டுதான் அவர் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். காங்கிரசுக்கு எதிரே வேறு பிரதிநிதிகளை நிறுத்த வேண்டிய தேவை ஆங்கில அரசுக்கு இருந்தது. ஆண்டுகள் அதையே காட்டுகின்றன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்த மனிதருக்கு, பட்டம் வேறு காரியம் செய்தது. சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதே அலுவலகங்கள் இனி ‘திவான் பகதூர்’ என்று எழுதித்தான் கடிதம் அனுப்ப வேண்டும். கொடுத்தவரின் தேவையை வாங்கியவர் தம் தேவைக்குத் திருப்பிக்கொண்டார். பட்டத்தைத் துறப்பது பெருமை என்றால், துறப்பதற்கு வேறு மரியாதைகள் ஏற்கெனவே கையில் இருந்தவர்களுக்கே அது எளிது. சுப்பிரமணிய ஐயரின் துறவை இது குறைக்காது. ஆனால் அதே அளவுகோலை வைத்துச் சீனிவாசனை அளப்பது நியாயமில்லை.

குடியரசு வந்ததும் அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. படை, கல்வித் தகுதிகள் மட்டும் விதிவிலக்கு. நான்கே ஆண்டில், 1954-இல், பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்துவிட்டன. முதல் பாரத ரத்னா பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். இவர்களில் பின்னிருவரும் ஆங்கில அரசிடம் ஏற்கெனவே ‘சர்’ பட்டம் பெற்றவர்கள். 1977-இல் ஜனதா அரசு இந்த விருதுகளை நிறுத்தியது, 1980-இல் இந்திரா காந்தி மீண்டும் கொண்டுவந்தார். இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று பாலாஜி ராகவன் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுச் சுவரொட்டிகள் இந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. மன்னர் போனார், மரபு போகவில்லை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. விருது கொடுக்காத அரசு உலகில் அரிது என்பதால் அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. பட்டியலைப் படிக்கத் தெரிந்துகொள்வதே மேல்.

அப்படிப் படிக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிக்குப் பொருத்தமான ஒரு பதக்கம் இங்கிலாந்து வரலாற்றில் கிடைக்கிறது. முதல் உலகப்போரின் நடுவில், 1917 ஜூன் 4 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரிட்டிஷ் பேரரசு விருது வரிசையை நிறுவினார். அதுவரை இருந்த அரச விருதுகள் பிரபுக்களையும் தளபதிகளையும் தூதர்களையும் சுற்றியே வந்தன. இது பெண்களுக்கும் திறந்திருந்தது. வரிசையின் அடியில் ஒரு வெள்ளிப் பதக்கமும் வைக்கப்பட்டது. பிரிட்டானியா அமர்ந்திருக்கும் உருவம், ஊதா நாடா. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஆண், பெண் பலருக்கு அது கிடைத்தது. வெடிவிபத்துக்குப் பிறகும் அஞ்சாமல் வேலைக்குத் திரும்பிய பெண்களும் அவர்களில் அடக்கம். தொழிலாளியின் மார்பில் மன்னரின் பதக்கம் ஏறியதற்குப் போர்தான் காரணம். குண்டு வார்க்கக் கை வேண்டும். ஆனால் அதே அரசு 1915-இல் போர்த்தளவாடச் சட்டத்தால் அந்த ஆலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்திருந்தது. முதலாளியின் சான்று இல்லாமல் வேலையை விட்டு வேறிடம் போகவும் முடியாது. பதக்கத்தைக் கொண்டு மட்டும் அந்தக் காலத்தை எழுதினால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

இங்கே பிரதமரின் சிரம் விருதுகள் என்ற திட்டம் 1985-இல், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் அவர் உயிரிழந்த இடத்தில் எழுந்த நினைவிடத்தைச் சுற்றித்தான் பின்னாளில் இந்தத் தொழிற்பகுதி வளர்ந்தது. சிரம் ரத்னா, சிரம் பூஷண், சிரம் வீர், சிரம் ஸ்ரீ என்று பத்ம வரிசையை ஒட்டிய பெயர்கள்; பெண்களுக்குச் சிரம் வீராங்கனா, சிரம் தேவி. பொதுத்துறை ஆலைகளோடு, ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் உற்பத்தி ஆலைத் தொழிலாளரும் தகுதி பெற்றனர். பாதுகாப்பு, உற்பத்தி பற்றி நல்ல யோசனை சொல்லும் தொழிலாளருக்குத் தமிழ்நாடு அரசின் உயர்ந்த உழைப்பாளர் விருது உண்டு. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வளாகங்களில் உள்ள ஆலைகளின் அளவைப் பார்த்தால், இந்த விருதுகளின் பெயர்கள் இங்கே தேநீர்க்கடை வரை தெரிந்திருக்க வேண்டும். பத்மபூஷணுக்கு நாளிதழ் தரும் இடத்தையும் சிரம் பூஷணுக்குத் தரும் இடத்தையும் ஒப்பிட்டால் போதும், அரசின் தேவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். முதலீடு போட்டி போட்டு அழைக்க வேண்டிய பொருள்; உழைக்கும் கை தானாகவே பஸ் ஏறி வந்துவிடும் என்ற நம்பிக்கை.

தொழிலாளிக்கு விருது எதற்கு, கூலியும் உரிமையும் கொடுத்தால் போதாதா என்பது கனமான எதிர்வாதம். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் தலையாயது சங்கத்துக்கு அங்கீகாரம், பதக்கம் அல்ல. யங் லியுவுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. விருது உரிமைக்கு ஈடாகாது என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்தில்லை. 1917 அதற்குச் சாட்சி. ஆனால் கூலி கொடுத்த கணக்கு கம்பெனிப் பேரேட்டோடு போய்விடும். குஞ்சரமல்லன் இருந்தார் என்பதையே கல்வெட்டில் உள்ள பெயராலும் பட்டத்தாலும்தான் அறிகிறோம். ஆகவே இரண்டும் வேண்டும். எதைக் காட்டி எதை மறைக்கிறார்கள் என்ற கவனமும் கூடவே வேண்டும்.

சேகரிப்பாளர்களின் பழக்கம் இந்த இடத்தில்தான் மாற வேண்டும். நாணயக் கண்காட்சிகளில் பதக்கத்தை உலோகத்தாலும் நாடாவின் நிறத்தாலும் அரிதான வகையாலும் விலை பேசுகிறார்கள். கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தில் பொதுவாகப் பெயர் இருப்பதில்லை. பெற்றவரோடு அதைச் சேர்த்துக் கட்டும் காகிதம் தொலைந்துவிட்டால் அது தங்கம் அல்லது வெள்ளி, அவ்வளவுதான். வீட்டை இடிக்கும்போதோ பங்கு பிரிக்கும்போதோ பதக்கம் நகைக்கடைத் தராசுக்கும், வைஸ்ராய் கையெழுத்திட்ட பட்டச் சான்றான சனது பழைய பேப்பர் கட்டுக்கும் போவதே வழக்கமான இழப்பு. அந்தக் காகிதம் இருந்தால் ஆண்டும் பட்டமும் தெரியும். ஆண்டு தெரிந்தால் அரசிதழின் புத்தாண்டுப் பட்டியலில் பெயரைத் தேடலாம். அதைப் பிடித்துக்கொண்டு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் கோப்புகளுக்குப் போகலாம். ஏரிக்கரையைச் செப்பனிட்டாரா, போர்க்கடன் திரட்டினாரா, போராட்டக்காரர்களைக் காட்டிக்கொடுத்தாரா என்பதற்கு விடை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். 1911-ஐ ஒட்டி வழங்கப்பட்ட பட்டப் பதக்கங்களும் காந்தி திருப்பிக் கொடுத்த காலத்துக் கெய்சர்-இ-ஹிந்துகளும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. லண்டன் ஏலத்தில் நல்ல விலை போகிறது என்று கேள்விப்பட்டுப் பெட்டியைத் திறப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை வேறு: திவான் பகதூர் நட்சத்திரத்துக்குப் போலிகளோடு போட்டியிட்டுப் பணத்தைக் கொட்டுவதைவிட, சிரம் விருதுப் பட்டயங்களையும் உயர்ந்த உழைப்பாளர் விருதுகளையும், ஆலைகள் யோசனை சொன்னவர்களுக்குத் தரும் கேடயங்களையும், அவை எந்த எந்திரத்தில் எந்த மாற்றத்துக்காகத் தரப்பட்டன என்ற குறிப்போடு, பெற்றவர்களின் சம்மதத்தோடு இப்போதே சேர்க்கலாம். இன்று அவற்றுக்குச் சந்தை விலை கிடையாது, போலியும் கிடையாது.